பட்டியலில் இல்லாத ஆறு

சென்னைப் பதிப்பு நாளிதழ்களில் ஒரு சின்னக் கட்டம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு பெயர்கள் (2020க்குப் பிறகு ஐந்து). பக்கத்திலேயே மொத்தக் கொள்ளளவு, இன்றைய இருப்பு, போன வருஷம் இதே நாளில் இருந்த இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம். ராசிபலனை வரி விடாமல் படிப்பவர்கள்கூட இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். சென்னையில் குழாயில் காற்று வரும் வருஷம் மட்டும் எல்லோரும் அதைத் தேடுவார்கள்!

2018 ஆகஸ்டில் ஒரு காலை. கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, ஆரணி ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றின் டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். மூன்று ஏக்கர் நிலம், ஒரு கிணறு, கிணற்றுக்குள் ஒரு போர். இதுதான் அவருடைய சொத்து. சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனி ஒன்றில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, கவரைப்பேட்டை வழியாக பைக்கில் வந்து இறங்கிய மகன் பேப்பரை எடுத்துப் படித்துக் காட்டுகிறான்.

“நைனா, கிருஷ்ணா தண்ணி கேட்டு ஆந்திராவுக்கு லெட்டர் போட்டிருக்காங்களாம்.”

“அது மெட்ராசுக்குடா. பிச்சாட்டூர்ல எவ்ளோ தண்ணி நிக்குதுன்னு போட்டிருக்கானா பாரு.”

போடவில்லை. அந்தக் கட்டத்தில் பிச்சாட்டூர் எப்போதும் வராது. ஆரணி ஆறும் வராது. பெரியவருக்கும் அது தெரியும், இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் ஆடி முடிகிற நேரத்தில் ஒருமுறை கேட்டுவிடுவார்.

அவரிடம் வேறொரு அளவுகோல் உண்டு. கிணற்றுப் படிகள். தண்ணீர் ஏழாவது படியில் நின்றால் சம்பா போடலாம், பத்துக்குக் கீழே போனால் யோசிக்க வேண்டும் என்பது அவருடைய அப்பா காலத்துக் கணக்கு. அந்த ஆகஸ்டில் தண்ணீர் பதினோராவது படிக்கும் கீழே கிடந்தது.

சரி, முதலில் இந்த ஆறு எது என்று சொல்லிவிட வேண்டும். ஆரணி என்றதும் பலருக்குப் பட்டுப் புடவை ஞாபகத்துக்கு வரும். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. இது வேறு. இந்த ஆரணி ஆறு ஆந்திர மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையில் தேங்கி, நாகலாபுரம் தாண்டி, சிவபெருமான் படுத்த கோலத்தில் இருக்கிறாரே அந்தச் சுருட்டப்பள்ளிக் கோயிலை ஒட்டி ஓடி, ஊத்துக்கோட்டையில் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. பிறகு பவானியம்மன் இருக்கும் பெரியபாளையம், ஆற்றின் பெயரையே கொண்ட ஆரணி என்ற சிற்றூர், பொன்னேரி என்று போய்ப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. இதற்குத் தெற்கே ஏறக்குறைய இணையாக ஓடுவது கொசஸ்தலையாறு. அது பூண்டி, தாமரைப்பாக்கம், வல்லூர் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குப் போய்ச் சேரும். நிலத்தடியில் இரண்டுக்கும் பெரிய பிரிவினை கிடையாது. அதனால்தான் நிலத்தடி நீரைப் பற்றி எழுதுபவர்கள் ஆரணியாறு–கொசஸ்தலையாறு வடிநிலம் என்று சேர்த்தே எழுதுகிறார்கள்.

ஆனால் கொசஸ்தலைக்குக் கிடைத்த மரியாதை ஆரணிக்குக் கிடைக்கவில்லை. 1944இல் கொசஸ்தலையின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி முயற்சி எடுத்த திட்டம் என்பதால் இன்று அது சத்தியமூர்த்தி சாகர். அன்றிலிருந்து கொசஸ்தலை சென்னையின் ஆறு ஆகிவிட்டது. அதில் ஓடும் தண்ணீருக்குத் தினமும் கணக்கு உண்டு. ஆரணியில் தமிழ்நாட்டுப் பக்கம் பெரிய நீர்த்தேக்கம் எதுவும் இல்லை. சிற்றம்பாக்கம், லட்சுமிபுரம் போன்ற இடங்களில் சில அணைக்கட்டுகளும் தடுப்பணைகளும் இருக்கின்றன, அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களும் ஏரிகளும் இருக்கின்றன. அவ்வளவுதான். ஆற்றின் ஒரே பெரிய அணையான பிச்சாட்டூர் ஆந்திரத்தில். அதன் கொள்ளளவு 1.85 டி.எம்.சி.

டி.எம்.சி. என்ற சொல்லை எல்லோரும் சொல்கிறார்கள், அது எவ்வளவு என்று கேட்டால் விழிப்பார்கள். நூறு கோடி கன அடி என்பது ஒரு டி.எம்.சி. லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 2,832 கோடி. சென்னைக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு டி.எம்.சி. 28 நாளைக்கு வரும். மாதத்துக்கு ஒரு டி.எம்.சி. என்று அதிகாரிகள் வாயில் அடிக்கடி வரும் கணக்கு இதுதான். பட்டியலில் உள்ள ஐந்து ஏரிகளும் நிரம்பினால் 11,757 மில்லியன் கன அடி, அதாவது பதினொன்றே முக்கால் டி.எம்.சி. வெயில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது என்று வைத்துக்கொண்டால் சுமார் பதினோரு மாதத் தண்ணீர். (சித்திரை வெயில் அப்படிச் சும்மா இருக்குமா என்ன?)

பெரியவரின் கணக்கு வேறு. ஒரு ஏக்கர் நெல்லுக்கு விதைத்து அறுக்கும்வரை ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்பார்கள். அது 48 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் கொண்டுவந்தால் நானூறு லோடு! திருவள்ளூர் மாவட்டத்தில் ஆண்டு முழுக்கப் பெய்கிற மழையே ஏறத்தாழ 1100 மில்லிமீட்டர்தான். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதுவும் சில வருஷங்களில் நாலைந்து நாள் கூத்தாகவே கொட்டித் தீர்த்துவிடும். மீதிக்கு ஏரி, ஆறு, கிணறு.

இங்கே மூன்று போகம். சித்திரை வாக்கில் தொடங்கும் சொர்ணவாரி, ஆடி ஆவணியில் தொடங்கும் சம்பா, மார்கழி தையில் தொடங்கும் நவரை. மூன்றும் போடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். சம்பா மட்டும் எப்படியாவது போட்டுவிடுவார்கள், வீட்டுக்குச் சோறு அதில்தான். சம்பாவுக்கு பி.பி.டி. ரகம் போட்டால் ஏறக்குறைய ஐந்து மாதம். ஆகஸ்டில் நாற்றங்கால் விட்டால் ஜனவரியில் அறுவடை. நடுவில் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மழையை நம்பித்தான் அந்த விதை மண்ணில் விழுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வடகிழக்குப் பருவமழை எப்படி இருக்கும் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை முன்னறிவிப்பு வெளியிடுவது செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் தொடக்கத்தில். அதற்குள் நாற்று பிடுங்கி நடவே முடிந்திருக்கும். சரி, தாமதமானாலும் வருகிறதே என்று பார்த்தால், அது தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமா, தெற்கு உள் கர்நாடகம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிச் சொல்லும் நிகழ்தகவு. இயல்புக்கு மேல் இத்தனை சதவீத வாய்ப்பு, இயல்பான அளவுக்கு இத்தனை, குறைவுக்கு இத்தனை என்று வரும். விஞ்ஞானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, இயற்கையே அவ்வளவுதான் இடம் தருகிறது. ஆனால் மூன்று ஏக்கரில் எத்தனை ஏக்கருக்கு விதை ஊறப்போடுவது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

எல் நினோ வந்தால் வடகிழக்குப் பருவமழை கூடும், லா நினா வந்தால் குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள். 2015இல் பலமான எல் நினோ இருந்தது, வெள்ளமும் வந்தது. கணக்கு சரி. 2016இல் மழை பொய்த்தது. அந்த டிசம்பரில் வர்தா புயல் வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனதே தவிர ஏரிகளை நிரப்பவில்லை. 2021இல் லா நினா. குறைய வேண்டிய மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஒரு விதி இரண்டு முறை பலித்து மூன்றாம் முறை கவிழ்த்துவிட்டால், விவசாயி அதற்குப் பிறகு கிணற்றுப் படியைத்தான் நம்புவான்.

பெரியவர் ‘மெட்ராசுக்குடா’ என்று ஒதுக்கிய கிருஷ்ணா தண்ணீரின் கதையும் இந்த மண் மேல்தான் நடக்கிறது. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் தங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. சென்னைக்குக் கொடுப்பது என்று 1976இல் ஒப்புக்கொண்டன. 1983இல் தமிழ்நாடும் ஆந்திரமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, வழியில் ஆவியாகப் போவது 3 டி.எம்.சி. போக எல்லையில் வந்து சேர வேண்டியது 12. ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வெட்டி, 1996இல் முதல் தண்ணீர் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டது. கால்வாய் சரிந்து பாதித் தண்ணீர் வழியிலேயே காணாமல் போனபோது, சத்ய சாய் பாபாவின் அறக்கட்டளை செலவழித்துச் செப்பனிட்டுக் கொடுத்தது. வேலை 2004இல் முடிந்தது. அந்த நன்றியில் சாய் கங்கை என்ற பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது.

பெரும்பாலான வருஷங்களில் அந்த 12 முழுதாக வந்ததில்லை. கிருஷ்ணாவிலேயே தண்ணீர் இல்லாத வருஷம் ஆந்திரம் என்ன செய்யும் என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் ஊத்துக்கோட்டைப் பக்கத்து விவசாயியின் நிலைமை இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. தண்ணீர் வராவிட்டால் சென்னை அவன் கிணற்றைத் தேடி வரும். வந்தாலோ அது கண்ணெதிரே சிமெண்ட் கால்வாயில் பூண்டிக்கு ஓடும்.

2020 நவம்பரில் அந்தக் கால்வாய்த் தண்ணீரைத் தேக்குவதற்குப் புதிய நீர்த்தேக்கம் ஒன்று திறக்கப்பட்டது. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை என்ற இரண்டு ஏரிகளை இணைத்துக் கட்டியது. பட்டியலின் ஐந்தாவது பெயர் இதுதான். கொள்ளளவு 500 மில்லியன் கன அடி, அரை டி.எம்.சி. மேலே சொன்ன கணக்கில் போட்டால் சென்னைக்கு இரண்டு வாரம். ஆக, கும்மிடிப்பூண்டி வட்டத்தின் பெயரும் ஒருவழியாகக் கட்டத்துக்குள் வந்துவிட்டது, சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் ஊராக.

இப்போது நிலத்தடிக்கு வருவோம், இதுதான் முக்கியமான சங்கதி. 1960களின் கடைசியில் ஐ.நா. உதவியோடு நடந்த ஆய்வு இந்த வடிநிலத்தின் அடியில் நல்ல மணல் படுகைகள் இருப்பதையும் அவற்றில் தாராளமாகத் தண்ணீர் இருப்பதையும் கண்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்று வயல்கள் அமைந்தன. (வயல் என்றாலும் அங்கே விளைவது தண்ணீர் மட்டும்தான்.) மணலித் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் குழாயில் தண்ணீர் போனது. விவசாயிகளும் மோட்டார் வாங்கினார்கள். எல்லோரும் சேர்ந்து உறிஞ்சினார்கள்.

கடலோர நிலத்தடியில் ஒரு தராசு இருக்கிறது. கடல் நீர் கனமானது, நன்னீர் லேசானது. அதனால் மண்ணுக்குள் நன்னீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே ஒரு அடியை இறைத்துவிட்டால் கீழே ஒரு அடி குறைவதில்லை, நாற்பது அடி உப்பு ஏறுகிறது! மீஞ்சூரில் நடந்தது இதுதான். கடல் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கிணறுகள் உப்பாகின. 1987இல் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதற்குள் ஏறிய உப்பு, சட்டம் வந்துவிட்டது என்று இறங்கிப் போகவில்லை. மீஞ்சூர் என்ற பெயர் பிறகு இன்னொரு காரணத்துக்காகப் பிரபலமானது. 2010இல் அதற்குக் கிழக்கே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. ஒரு காலத்தில் நன்னீரைச் சும்மா கொடுத்த ஊருக்குப் பக்கத்திலேயே கடல் நீரைக் காசு கொடுத்து இனிப்பாக்குகிறார்கள்.

தடுப்பணைகள் இதற்குத்தான் உதவுகின்றன. ஆற்றில் நாலு மாதம் தண்ணீர் நின்றால் அது மணலில் இறங்கி உப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளும். அதற்கு ஆற்றில் மணல் இருக்க வேண்டும் (மணல் எங்கே போனது என்பது தனிக் கட்டுரை). அதைவிட முக்கியமாக, ஆற்றில் தண்ணீர் வர வேண்டும்.

ஆரணியில் தண்ணீர் வரும்போது மட்டும் அது செய்தியாகிறது. பிச்சாட்டூர் நிரம்பினால் உபரி நீரைத் திறப்பார்கள், திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கும், தண்டோரா போடுவார்கள். 2021 நவம்பரில் அப்படித் திறந்தபோது ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கியது. 2015 டிசம்பரிலும் மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் பொன்னேரி வட்டாரத்து வயல்கள் குளமாக நின்றன. கதிர் வரும் நேரத்துப் பயிர் அழுகியது. அணை நிரம்பியது என்ற தகவல் கிடைக்கிறது, ஆகஸ்டில் அணை பாதி காலியாக இருக்கிறது என்ற தகவல் மட்டும் வருவதில்லை. வெள்ளம் உயிரை எடுக்கும், அதனால் சொல்கிறார்கள். வறட்சி பணத்தைத்தான் எடுக்கும், அதுவும் மெதுவாக!

இத்தனைக்கும் அந்தக் கட்டத்தில் கூடுதலாக இரண்டு வரி போட்டால் போதும். பிச்சாட்டூர் இருப்பு ஒன்று, ஆரணித் தடுப்பணைகளின் இருப்பு ஒன்று. ஆரணியாறு வடிநிலக் கோட்டம் என்று பொதுப்பணித் துறையில் ஓர் அலுவலகமே இருந்தது, நீர்வளத் துறை தனியாகப் பிரிந்த பிறகும் இருக்கிறது. அளக்க ஆள் இல்லாமல் இல்லை. அளந்ததை யாருக்குச் சொல்வது என்பதில்தான் சிக்கல். பட்டியல் குடிப்பவர்களுக்காகப் போடப்படுகிறது. விதைப்பவர்கள் அதைப் படிப்பார்கள் என்று அதைத் தொடங்கியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

2018க்குத் திரும்பினால், பெரியவர் மூன்று ஏக்கரில் ஒன்றுக்கு மட்டும் விதை விட்டார். அதிலும் பி.பி.டி. வேண்டாம் என்று, நூற்றைந்து நாளில் கைக்கு வரும் ஆடுதுறை 37. மீதி இரண்டு ஏக்கர் சும்மா கிடந்தது. பக்கத்து நிலத்துக்காரர் துணிந்து முழுவதும் பி.பி.டி. நட்டார். மழை வந்தால் பெரியவருக்கு நஷ்டம், வராவிட்டால் பக்கத்து நிலத்துக்காரருக்கு நஷ்டம். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது. பக்கத்து வயல் பால் பிடிக்கும் நேரத்தில் காய்ந்தது. பெரியவர் ஒரு ஏக்கரைக் கிணற்று நீர் விட்டு ஒருவழியாகக் கரை சேர்த்தார். ஜெயித்துவிட்டதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. மூன்று ஏக்கர்க்காரர் ஒரு ஏக்கர் நெல்லோடு வருஷத்தை ஓட்ட வேண்டியிருந்தது.

2019 கோடையில் சென்னை ஏரிகள் நாலும் வறண்டன. ஜூனில் நகரத்துக்குக் கொடுத்த தண்ணீர் நாளொன்றுக்கு 52.5 கோடி லிட்டராகக் குறைந்தது. ஓட்டல்களில் மதியச் சாப்பாட்டை நிறுத்தினார்கள், ஐ.டி. கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. வடிநிலத்தின் கிராமத்துச் சாலைகளில் தண்ணீர் லாரிகள் திரிய ஆரம்பித்தன. இந்த ஊருக்கும் ஒரு புரோக்கர் வந்தார். மணிக்கணக்கில் காசு, கரண்ட் விவசாயத்துக்கு இலவசம், நஷ்டம் ஒன்றுமில்லை என்று சொன்னார்.

“குடுத்துடலாம் நைனா. எப்படியும் சொர்ணவாரி போடல. சும்மாத்தானே கிடக்குது” என்றான் மகன். அவனுடைய கம்பெனியிலும் லாரித் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

பெரியவர் புரோக்கரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் மோட்டாரைப் போட்டுக் காட்டினார். படிகள் மொத்தமும் வெளியே தெரிந்தன. அடியிலிருந்த போர் முக்கால் மணி நேரம் நன்றாக இறைத்தது, பிறகு கலங்கலாக வந்தது, பிறகு காற்று. “எதைத் தரச் சொல்றீங்க?” என்றார். புரோக்கர் போர் ஆழமாக இருக்கும் ஊர் எது என்று விசாரித்துக்கொண்டு கிளம்பினார்.

ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மறுநாள் பேப்பரில் ரயிலுக்கு மாலை போட்டு, பூ தூவி எடுத்த படங்கள். மகன் பெஞ்சில் விரித்துக் காட்டினான். பெரியவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“ஜோலார்பேட்டைல ஏதுடா அவ்ளோ தண்ணி?”

“அங்க இல்ல நைனா. மேட்டூர்ப் பக்கத்துலேர்ந்து காவேரித் தண்ணிய குழாய்ல கொண்டாறாங்களாம்.”

“அங்க எவ்ளோ நிக்குதுன்னு போட்டிருக்கானா?”

மகன் பக்கத்தைத் திருப்பினான். மேட்டூர் நீர்மட்டம் போட்டிருந்தது, வரத்தும் வெளியேற்றமும்கூட. வாசித்துக் காட்டினான். பெரியவர் டீக்குக் காசு வைத்துவிட்டுக் கிணற்றுப் பக்கம் நடந்தார்.